நோன்பு நாள் தட்டுகள்

ஸுஹைறா தூரிகையை நாக்கு நுனியில் ஒருமுறை தொட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவாள். இரண்டே இரண்டு மயிர் நீட்டிக்கொண்டிருக்கும் தூரிகை. எச்சில் பட்டால் இரண்டும் ஒட்டிக் கூராகிவிடும். நுணுக்குக்காட்டியின் கீழே பரப்பிய கடல் மண்ணில் வேண்டிய சிப்பியை மட்டும் அந்தக் கூரால் தொட்டெடுத்துக் கறுப்புத் தட்டில் வைப்பாள். சிப்பி என்றதும் கடற்கரையில் காலில் மிதிபடுகிற சாதியை நினைத்துவிடக் கூடாது. இவை ஒரு விரல் நகத்தில் முந்நூறு பேர் நெருக்கமில்லாமல் குடியிருக்கக்கூடிய அளவு.

கல்முனையில் கடற்கரை வீதியோரம் ஒரு பழைய கல்வீட்டை வாடகைக்கு எடுத்து, கலாநிதி கலாராணி அந்த ஆய்வுகூடத்தை நடத்திவந்தார். திருக்கோவிலில் வலை இழுத்த குடும்பத்துப் பெண். கப்பலில் போய், ஆழ்கடலின் அடியில் குழாய் இறக்கி, மண்ணைத் தூணாக எடுத்து வந்திருந்தார். அந்தத் தூணில் ஒரு சென்ரிமீற்றர் படிய நாற்பது வருடம் ஆகியிருக்கும் என்பது அவர் கணிப்பு. ஒவ்வொரு சென்ரிமீற்றரிலும் அந்த நாற்பது வருடத்தில் செத்து அடியில் விழுந்த நுண்சிப்பிகள் கிடக்கும். உயிரோடு மிதந்தபோது கடல் சூடாக இருந்திருந்தால் ஓட்டில் மக்னீசியம் கூடும், குளிர்ந்திருந்தால் குறையும். ஓட்டைக் கரைத்து மக்னீசியத்தை அளந்தால், வெப்பமானியே பிறக்காத காலத்துக் கடலின் சூட்டைச் சொல்லிவிடலாம்.

இதைக் கேட்டு ஸுஹைறாவின் ஊரான மருதமுனையில் சிரிக்காதவர் கிடையாது. ஓட்டோ ஓட்டும் அவளுடைய கணவன் நளீமே, "கடல் சூடா குளிரா எண்டு பாக்கக் கால வெச்சாக் காணாதா புள்ள?" என்று கேட்டவன்தான்.

ஆறு வருடத்துக்கு முன் ஸுஹைறா அங்கே வந்தது போத்தல் கழுவவும் தேத்தண்ணி ஊற்றவும். சிப்பி பொறுக்க வந்த பட்டதாரிகள் இரண்டு கிழமையில் கண்ணெரிகிறது, கழுத்து வலிக்கிறது என்று கழன்று போனார்கள். ஒரு நாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரம், என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று ஸுஹைறா கண்ணை வைத்தாள். கலாராணி திரும்பி வந்தபோது தட்டில் நாற்பது சிப்பி. மூன்று உருண்டை ஒட்டிய, இளஞ்சிவப்பு நிறத்து ஒரே இனம். ஒன்றுகூடப் பிழையில்லை. கலாராணி புகழவில்லை, முதுகில் தட்டவுமில்லை. "நாளைக்குத் தேத்தண்ணிய நான் ஊத்துறன். நீங்க இதில இருங்க" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள், ஒவ்வொரு தூணிலும் மேலிருந்து கீழாகச் சென்ரிமீற்றருக்கு ஒன்றாக, நாளுக்கு ஒரு தட்டு பொறுக்கினாள். காகிதத்தில் மட்டும் இன்றுவரை தற்காலிகத் துப்புரவுத் தொழிலாளி. அந்தக் காகிதத்தை மாற்றி, "ஆய்வுகூட உதவியாளர், நிரந்தரம்" என்று ஒரு கடிதம் கையில் வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியாது.

இப்படியிருக்க றமழான் வந்தது. நோன்போடு தூரிகையை நாக்கில் வைப்பது எப்படி? தைக்கிறவன் நூலை வாயில் நனைத்து, அதே நூலை மறுபடி வாயில் வைத்து, அந்த ஈரத்தை விழுங்கினால் நோன்பு முறியும் என்று மௌலவி பயானில் சொன்னது அவளுக்கு நல்ல ஞாபகம். நூலுக்கு ஆகாதது தூரிகைக்கு ஆகுமா? காய்ச்சி வடித்த நீர் இருந்தது. ஆனால் அது மட்டக்களப்பிலிருந்து அளந்து வரும். சிப்பிகளைக் கழுவும் சுபாஸ்கரன் அந்தப் போத்தலுக்குக் காவல் பூதம் மாதிரி. அவனிடம் போய் நிற்க அவளுக்கு மனமில்லை.

வீட்டின் பின்புறம் கிணறு இருந்தது. ளுஹர் தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி வுழு செய்ய அதில்தான் வாளி விடுவாள். வுழுவுக்கு ஆகிற தண்ணீரைவிடச் சுத்தமான தண்ணீர் உலகத்தில் எது? ஒரு போத்தல் மூடியில் கொஞ்சம் எடுத்து வந்து மேசையில் வைத்துக்கொண்டாள். தூரிகையை அதில் நனைத்தாள். தண்ணீர் கையோடு இருக்கவே, எடுத்த சிப்பியையும் அதில் ஒருமுறை முக்கித் தட்டில் வைத்தாள். கூடுதல் சுத்தத்துக்காம்! பெருநாள் முடிந்ததும் மூடியைக் கழுவி வைத்துவிட்டுப் பழையபடி நாக்குக்கே திரும்பினாள். இதையெல்லாம் யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

சிப்பிகளைச் சுபாஸ்கரன் கழுவினான். வெளிநாட்டு இயந்திரத்துக்கு அனுப்பினார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து, கச்சான் காற்று புழுதியை வாரி இறைக்கும் ஒரு திங்கட்கிழமை எண்கள் வந்து சேர்ந்தன.

கலாராணி அவற்றைக் கோடாக வரைந்து சுவரில் விழுத்தினார். கோடு நாற்பதாம் தட்டுவரை ஒழுங்காக வந்தது. நாற்பத்தொன்றில் குபீரென்று ஏறியது. நாற்பத்தெட்டுவரை மேலேயே நின்றது. அடுத்த நாலு தட்டுக்குச் சட்டென்று இறங்கி, ஐம்பத்துமூன்றில் மறுபடி ஏறி, அறுபது முடிய இறங்கியது. ஒட்டகத்துக்கு இருப்பதுபோல இரண்டு திமில்.

"இரண்டு பாகை!" என்றார் கலாராணி. "ஆயிரத்து அறுநூறு வருசத்துக்கு முதல் எங்கட கடல் இரண்டு பாகை கூடச் சூடாகி, நடுவில ஆறி, மறுகாவும் சூடாகியிரிக்கு. இத ஆரும் இதுவரைக்கும் பாக்கல்ல."

சுபாஸ்கரன் கை தட்டினான். ஸுஹைறாவும் தட்டினாள். வியாழக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருகிறது என்றும், கூடத்துக்கு இன்னும் ஐந்து வருடம் ஆயுள் கொடுப்பதா இல்லையா என்பதை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள் என்றும் கலாராணி சொன்னார். பிறகு ஸுஹைறாவைப் பார்த்தார். "உங்கட நிரந்தரக் கடிதத்தயும் அண்டைக்கே கேக்கப்போறன். இதக் கண்டாப் பிறகு மாட்டனெண்டு செல்ல ஏலாது."

அந்தச் சந்தோசத்தில் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றுவோம் என்று ஸுஹைறா குசினிக்குப் போனாள். கேத்திலைத் திறந்தாள். உள்ளே அடியிலும் சுவரிலும் வெள்ளைப் படை கெட்டியாகப் பிடித்திருந்தது. கிணற்று நீர் உவர், காய்ச்சக் காய்ச்சச் சுண்ணாம்பும் அதோடு மக்னீசியமும் படியும், மாதம் ஒருமுறை தேசிக்காய்ப் புளி விட்டுத் தேய்ப்பது அவளே. இன்றைக்கு என்னவோ கை அப்படியே நின்றுவிட்டது.

நாற்பத்தொன்று. எந்த நாள் அது?

சிப்பிகள் போனபின் காலித் தட்டுகள் அலுமாரியில் அடுக்கியிருந்தன. அவளுக்கு ஒரு பழக்கம். நோன்பு மாதத்தில் தட்டின் அடிப்பக்கம் பென்சிலால் அன்றைக்கு எத்தனையாவது நோன்பு என்று குறித்துவைப்பாள். வேலை நாள் ஓடுகிற வேகம் தெரிய வேண்டுமே, அதற்காக. நாற்பத்தொன்றைத் திருப்பினாள். நோன்பு 1. நாற்பத்தெட்டு, நோன்பு 10. நாற்பத்தொன்பதில் எழுத்தே இல்லை. ஐம்பது, ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு, ஒன்றிலுமில்லை. ஐம்பத்துமூன்றில் மறுபடி எழுத்து இருந்தது. அறுபது, நோன்பு 28.

எழுத்தில்லாத அந்த நாலு நாளும் எவை என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பெண்ணுக்கு மாதத்தில் நோன்பும் தொழுகையும் விலக்கான நாட்கள். அந்த நாட்களில் அவள் கிணற்றடிக்கு வுழுவுக்குப் போகவில்லை, மூடியில் தண்ணீரும் எடுக்கவில்லை. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரும் பார்க்காமல் தூரிகையை நாக்கில் தொட்டாள்.

சுவரில் தெரிந்தது ஆயிரத்து அறுநூறு வருடத்துக் கடல் இல்லை. அவளுடைய றமழான். நடுவிலிருந்த பள்ளம் அவளுடைய உடம்பு.

இருந்தும் ஒரு நப்பாசை. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் கறுப்புக் கண்ணாடியில் கிணற்று நீரில் ஒரு துளி விட்டுக் காயவைத்தாள். நுணுக்குக்காட்டியில் பார்த்தாள். துளி நின்ற இடத்தில் வெள்ளை வளையம். வளையம் முழுக்கப் பொடிப்பொடிப் பளிங்கு. பக்கத்தில் எச்சில் தொட்டு வைத்த இடத்தில் ஒரு மங்கல் தவிர ஒன்றுமில்லை. அவள் கண்ணாடியை அவசரமாக முந்தானையால் துடைத்தாள், களவு செய்தவள் மாதிரி.

அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டு வாசலில் ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருந்த நளீமிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் குழாயை மூடிவிட்டுக் கேட்டான். அந்த நாலு நாள் விசயத்தைச் சொன்னபோது மட்டும் ரோட்டுப் பக்கம் பார்த்தான்.

"நீ என்ன களவா எடுத்த? ஒரு துளித் தண்ணி" என்றான். "ஆயிரத்துச் சொச்சம் வருசத்துக்கு முந்திக் கடல் ரெண்டு பாகை கூடினாலும் குறைஞ்சாலும் ஆருக்கென்ன? மவுத்தாப் போன ஆக்களுக்கு இனி வேர்க்கவா போகுது?"

"இப்ப உள்ள ஆக்களுக்குத்தான். முந்தியும் கடல் சூடானதாம், தானா ஆறினதாம் எண்டு எழுதப்போறாங்க. இப்ப சூடாகிறதுக்கும் பயப்படத் தேவல்ல எண்டு செல்ல ஒரு ஆள் வருவான். என்ட தட்டக் காட்டித்தான் செல்லுவான்."

நளீம் கெட்டவன் இல்லை. ஆறு வருடமாகக் காலையில் அவளைக் கொண்டுபோய் விட்டு மாலையில் கூட்டி வருகிறவன். "வியாழன் மட்டும் பொறு" என்றான். "கடிதத்தக் கையில எடு. மறுகா செல்லு. நீ செல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியவராது."

"அல்லாவுக்குத் தெரியும்."

"அவனுக்குத் தெரியாத கடிதமா?" என்று அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த இரண்டு நாளும் அவள் சொல்லத்தான் போனாள். செவ்வாய்க்கிழமை கலாராணி தொலைபேசியை வைக்கவில்லை. புதன் காலை கதவடியில் நின்று, "மேடம், ஒரு விசயம் கதைக்கணும்" என்றாள். "கடிதத்தப் பத்தியா? நான் மறக்கல்ல. எதெண்டாலும் வியாழனுக்குப் பிறகு" என்றார் அவர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். சொல்லவிடவில்லை என்று ஒரு சாக்குக் கிடைத்ததில் ஸுஹைறாவுக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைக்க வெட்கமாகவும் இருந்தது. இரவு அவள் சோற்றைப் பிசைந்ததுதான் மிச்சம்.

வியாழக்கிழமை வந்த மூன்று ஆண்கள் கொண்ட குழுவுக்குத் தலைவர் பேராசிரியர் அப்துல் கபூர். சம்மாந்துறை ஆள், கொழும்பில் இருக்கிறார். குரலை உயர்த்தவே மாட்டார், ஆனால் கேள்வியால் தோலை உரித்துவிடுவார் என்று பெயர். சுவரில் விழுந்த கோட்டை வெகுநேரம் பார்த்தார்.

"அழகாத்தான் இரிக்கு" என்றார். "ஆனா ஓட்டில மக்னீசியம் கூடுறதுக்குக் கடல் சூடாக வேணுமெண்டில்ல. சரியாக் கழுவாட்டியும் கூடும். கழுவினது ஆர்?"

சுபாஸ்கரன் எழுந்து நின்றான். "நான், சேர்."

"பதிவுப் புத்தகத்தக் கொண்டு வாங்க தம்பி."

புத்தகத்தை அவன் நீட்டினான். பேராசிரியர் விரலை ஒரு பக்கத்தில் வைத்தார். "மத்தத் தட்டெல்லாம் நாளைக்கு நாலு கழுவியிரிக்கிங்க. நாப்பத்தொண்டில இருந்து அறுபது மட்டும் இருபது தட்டயும் ரெண்டே நாளில முடிச்சிரிக்கிங்க. ஏன் அவ்வளவு அவசரம்?"

சுபாஸ்கரன் அவர் விரல் இருந்த பக்கத்தைப் பார்த்தான். "அந்தக் கிழமை மனுசி ஆஸ்பத்திரியில, சேர். பிரசவம். ஆனா ஒரு படியையும் நான் விடல்ல. இரவு பகலா நிண்டு கழுவின நான்."

கலாராணி அவனைத் திரும்பிப் பார்த்தார். நம்பிக்கை நழுவுகிற பார்வை. அந்தப் பார்வையைச் சுபாஸ்கரனும் கண்டான். "நடுவில நாலு தட்டுச் சரியா வந்திரிக்கே, சேர். நான் பிழையாக் கழுவியிருந்தா அதுவும் பிழைக்கணுமே?" என்றான்.

"அது தற்செயல்" என்று பேராசிரியர் புத்தகத்தை மூடினார். ஒருவனுடைய வேலையும் பெயரும் அந்த மூடலோடு போகிறது என்பது அறையில் எல்லோருக்கும் விளங்கியது.

"தற்செயல் இல்ல, சேர்."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பினார்கள். ஸுஹைறா தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றாள். தட்டை மேசை ஓரத்தில் வைத்தாள். அலுமாரியைத் திறந்து இருபது தட்டையும் எடுத்து வந்து மேசையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள்.

"சுபாஸ் தம்பி ஒழுங்காத்தான் கழுவின. பிழை என்னில" என்று தொடங்கினாள். நாக்கு, நோன்பு, மூடி, வுழு எடுக்கிற கிணறு, கேத்திலின் வெள்ளைப் படை, எல்லாவற்றையும் சொன்னாள். சிப்பியும் சுண்ணாம்பு, படையும் சுண்ணாம்பு, எந்தக் கழுவலாலும் ஒன்றை விட்டு ஒன்றைப் பிரிக்க ஏலாது என்பது சொல்லிமுடிக்குமுன்னே சுபாஸ்கரனுக்கு விளங்கிவிட்டது. அவன் மெல்ல உட்கார்ந்தான்.

பேராசிரியர் தட்டுகளின் அடியைப் படித்துக்கொண்டே வந்தார். எழுத்தில்லாத நாலில் விரல் நின்றது. "இதெல்லாம் நோன்பு நாள் எண்டா, இந்த நாலுக்கும் மட்டும் ஏன் எழுதல்ல?"

நாலு ஆண்கள் அவளைப் பார்த்தார்கள். உம்மாவிடமும் கணவனிடமும் தவிர வாய்விட்டுச் சொல்லாத ஒன்று. வேறு என்னவாவது சொல்லலாம். சுகமில்லை என்று சொல்லலாம். நோன்பை விடும் அளவுக்குச் சுகமில்லாதவள் நாலு நாளும் வேலைக்கு வந்தாள் என்றால் யார் நம்புவது? பாதி உண்மையால் சுபாஸ்கரனும் தப்பமாட்டான்.

"அந்த நாலு நாளும்" என்றாள், தரையைப் பார்த்தபடி, "நான் வேலைக்கு வந்தன், சேர். எனக்கு நோன்பு இல்ல."

அதற்கு மேல் இந்தக் கரையில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது, முஸ்லிமானாலும் சரி, தமிழரானாலும் சரி. பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். குழுவில் மற்ற இருவரும் அவசரமாகக் கோப்பைகளை எடுத்தார்கள். கலாராணி சுவரிலிருந்த கோட்டின் நடுப்பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்ப் படம் விழுத்தும் கருவியை அணைத்தார்.

"எண்ணிக்கை வரிசையிலேயே பொறுக்கினதுதான் பெரிய பிழை" என்றார் பேராசிரியர். "கலைச்சுப் போட்டுப் பொறுக்கியிருந்தா இது சரித்திரம் மாதிரித் தெரிஞ்சிராது. அத இவவுக்கு ஆரும் செல்லிக் குடுக்கல்ல." அதைச் சொல்லும்போது அவர் கலாராணியைப் பார்த்தார், ஸுஹைறாவைப் பார்க்கவில்லை.

கூடத்துக்கு ஐந்து வருடம் கேட்ட இடத்தில் ஒரு வருடம் கிடைத்தது. பிழைத்த பதினாறு தட்டையும் மறுபடி பொறுக்கி அனுப்பச் சொன்னார்கள். நிரந்தரக் கடிதத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அன்று மாலை ஓட்டோவில் ஏறியதும் நளீம் அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தான். "செல்லிட்டாய், என்ன?" என்று கேட்டான். "ஓம்" என்றாள். அவன் அதற்குப் பிறகு கடிதம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. மருதமுனைவரை மெதுவாக ஓட்டினான்.

சுபாஸ்கரன் மறுநாள் பிள்ளையின் படத்தைக் கொண்டுவந்து அவளிடம்தான் முதலில் காட்டினான். கலாராணி மட்டும் பேசவில்லை. வருவார், எண்ணைக் கலைத்து எழுதிய துண்டைக் கொடுப்பார், போவார். வாழ்நாள் கண்டுபிடிப்பு கையில் வந்து நழுவிய மனுசி, பேசவில்லை என்று குறை சொல்லவும் முடியாது. ஸுஹைறாவுக்கு அது கடிதம் போனதைவிட வலித்தது. மிச்சமிருந்த மண்ணில் பொறுக்கினாள். முதல் ஒன்பது நாள் நாக்குத்தான். பத்தாம் நாளிலிருந்து, றமழானில் அந்த நாலு வேலை நாளும் நடுவில் வந்த சனி ஞாயிறுமாக விடுபட்ட ஆறு நோன்பையும் களாவாகப் பிடிக்கத் தொடங்கினாள். கடன் இரண்டும் ஒன்றாகத் தீரட்டும் என்ற எண்ணம். முதல் இரண்டு நோன்புக்கும் சுபாஸ்கரனிடம் கேட்டே நீர் வாங்கினாள்.

மூன்றாம் நோன்பன்று காலை அவள் தட்டை வைத்துவிட்டு எழும்பும்போது கலாராணி மேசையடியில் நின்றார்.

"இண்டைக்கு நோன்பா?"

"ஓம் மேடம்."

கலாராணி கைப்பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து நுணுக்குக்காட்டியின் பக்கத்தில் வைத்தார். காய்ச்சி வடித்த நீர். வெள்ளைத் துண்டு ஒட்டி, அவருடைய சாய்ந்த எழுத்தில், "ஸுஹைறா, நோன்பு நாட்களுக்கு" என்று எழுதியிருந்தது. கீழே சின்னதாக, "வேறு யாரும் தொடக் கூடாது."

"பெரிசா ஒண்டு மட்டக்களப்புக்குச் சொல்லியிரிக்கன்" என்றார். "அடுத்த றமழானுக்கும் காணும்."

அடுத்த றமழான் என்றால் இன்னும் எட்டு மாதம். கூடத்துக்குக் கிடைத்ததே ஒரு வருடம்தான். ஸுஹைறாவுக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு சிப்பி பொறுக்க முடியாது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, தூரிகையைப் போத்தலில் நனைத்தாள்.